ஒரு செட்டு மாத்திரை

"அண்ணாச்சி, தடுமம் பிடிச்சிருக்கு, மேலெல்லாம் வலி. ரெண்டு செட்டு குடுங்க."

கோவில்பட்டியின் மெடிக்கல் கடைகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைக் கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார். காலைக்கு ஒரு உறை, ராத்திரிக்கு ஒரு உறை. அதற்குள் பெரும்பாலும் ஒரு பாராசிட்டமால், ஒரு செட்ரிசின், ஒரு வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று இருக்கும். சில கடைகளில் ஓர் ஆன்டிபயாடிக்கும் சேரும். மருந்தின் பெயர் அச்சிட்ட பகுதி அட்டையிலேயே நின்றுவிடும். வாங்கியவருக்குத் தெரிவது நிறம் மட்டும்தான். விளாத்திகுளத்திலிருந்தோ கயத்தாறிலிருந்தோ கழுகுமலையிலிருந்தோ பஸ் ஏறி வந்த கல்லூரி மாணவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அங்கேயே விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போவார்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதன விதிகளில் எச் அட்டவணை என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அதிலுள்ளவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2013இல் எச்1 என்ற கூடுதல் அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள், பழக்கமாகிவிடக்கூடிய சில மருந்துகள் என 46 மருந்துகளை அதில் சேர்த்தார்கள். விற்றால் நோயாளி பெயரையும் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் அட்டையின் பின்புறம் ஓடும் சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள் என்று 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் பிரசாரமே நடத்தியது.

மாணவர்களுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டுதான் கல்லூரிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறோம். ஆனால் மருத்துவம், மருந்தியல், செவிலியம் படிக்கும் மாணவர்களிடமே சுயமருத்துவம் பரவலாக இருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. கூடுதலாகத் தெரிந்தவர் கூடுதல் துணிச்சலோடு விழுங்குகிறார். ஆகவே காரணத்தை அறியாமையில் தேடிப் பயனில்லை என்பது என் எண்ணம். அந்த வயதில், அந்த நேரத்தில், கையில் இருக்கும் காசையும் பொழுதையும் வைத்து மனம் ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் மாத்திரைதான் மலிவாக வருகிறது. எப்படி வருகிறது என்பதை உளவியல் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது.

முதல் பாடம் வீட்டில். வானம் பார்த்த கரிசல் பூமியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையை நம்பி உளுந்தும் பாசியும் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பங்கள். காட்டில் வேலை இல்லாத மாதங்களில் தீப்பெட்டி வேலைக்குப் போகிற அம்மாக்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் வேலையில் ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் பஸ்ஸுக்கும் வரிசைக்கும் போகிற அரை நாள் இலவசமில்லை. அதனால் மண்டையிடி என்றால் அம்மா ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததைப் பிள்ளை பத்துப் பதினைந்து வருஷம் பார்த்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமல், நெருக்கமானவர்களைப் பார்த்தே மனிதர்கள் நடத்தையைக் கற்கிறார்கள் என்று ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விரித்துரைத்த சமூகக் கற்றல் கோட்பாட்டுக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் நிலையில் அது நியாயமான முடிவு. பிள்ளை அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொண்டது. நிலைமை மாறிய பிறகும் முடிவு மாறவில்லை.

நிலைமை முழுவதும் மாறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஓ.பி. சீட்டுப் போடும் நேரம்தான் வகுப்பு நேரமும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் உளவியலாளர்கள் ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள்: காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சுப் படம் எடுக்க வண்டியையே ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தியும் மக்கள் ஏன் வருவதில்லை? காட்ஃப்ரி ஹோக்பாம், இர்வின் ரோசன்ஸ்டாக் போன்றவர்கள் கண்ட விடைதான் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்ற கோட்பாடாக வளர்ந்தது. நோய் தன்னைத் தாக்கும் என்று ஒருவர் எவ்வளவு நம்புகிறார், தாக்கினால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று நினைக்கிறார், சிகிச்சையால் என்ன பலன், அதற்கு என்னென்ன தடை என்று மனம் நான்கையும் எடைபோடுகிறது. இளைஞர்களின் மனத்தில் முதல் இரண்டும் மிகச் சிறியவை, கடைசியது மிகப் பெரியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இன்று சுவரெல்லாம் எழுதியிருக்கும் செய்தி. ஆனால் இருமலுக்கென்று மெடிக்கலில் வாங்கும் ஆஃப்லாக்சசின், லிவோஃப்லாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளுக்குக் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் திறன் உண்டு. இருமல் தணியும், நோய் மறைந்து நிற்கும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பஞ்சு மில்லிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ வேலை செய்பவர்கள் வீட்டில், "அது தூசி இருமல்தான்" என்ற விளக்கம் ஏற்கெனவே தயாராக இருப்பது இன்னும் ஆபத்து.

பணத் தட்டுப்பாடு மனத்தையே சுருக்கிவிடும் என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓர் ஆய்வு உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவோ நால்வரும் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும், அறுவடைக்குப் பின் பணம் வந்தபோதும் அதே ஆட்களுக்கு அதே வகைப் புதிர்கள். அறுவடைக்கு முன் அவர்கள் சரியாகச் செய்தது தெளிவாகவே குறைவு. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வு சொல்வது: தட்டுப்பாட்டைப் பற்றிய கவலையே மூளையின் இடத்தில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்கிறது; அவசரமானது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, தள்ளியிருப்பது மங்கிவிடுகிறது. செமஸ்டர் கட்டணமும் ஹாஸ்டல் பாக்கியும் அரியரும் தலையில் சுமக்கும் பிள்ளைக்குப் பத்து வருஷம் கழித்து வரப்போகும் சிறுநீரகக் கோளாறு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னது மாத்திரையை ஏன் முதலில் எடுக்கிறார்கள் என்பது. ஏன் விடாமல் எடுக்கிறார்கள் என்பது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

சாதாரணத் தடுமம் வைரஸால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். ஆன்டிபயாடிக்குக்கும் வைரஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மூக்கு ஒழுகத் தொடங்கிய அன்றே யாரும் கடைக்குப் போவதில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள், தொல்லை உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான். மாத்திரை போட்டாலும் இறக்கம், போடாவிட்டாலும் இறக்கம். மறுநாள் காலையில் உடம்பு லேசானால் பெருமை மாத்திரைக்குப் போகிறது. போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்கும் வாய்ப்பு அந்த மாணவருக்கு ஒருநாளும் கிடைக்காது.

ஸ்பெயினில் தேஉஸ்தோ பல்கலைக்கழகத்தின் எலேனா மாத்தூத்தேயும் அவரது குழுவினரும் இதைச் சோதனைக்கூடத்தில் காட்டினார்கள். ஆய்வுக்கு வந்தவர்களை டாக்டராகக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லி, கணினித் திரையில் நோயாளிகளை ஒவ்வொருவராகக் காட்டினார்கள். கையில் 'பட்டாட்ரிம்' என்ற மருந்து. அப்படி ஒரு மருந்து உலகத்தில் கிடையாது. கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகும் விகிதம் ஒன்றுதான், அதுவும் உயர்வாக இருக்கும்படி கணினியில் ஏற்பாடு. கடைசியில் கேட்டால், மருந்து வேலை செய்கிறது என்றார்கள். அதிலும் யார் மருந்தை அடிக்கடி கொடுத்தார்களோ அவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம். நோய் தானாகத் தீரக்கூடியதாக இருந்து, ஆள் அடிக்கடி மருந்து எடுப்பவராகவும் இருந்தால் இந்த மாயை கெட்டிப்படுகிறது. ஹாஸ்டல் அறையில் தடுமத்துக்கு அசித்ரோமைசின் விழுங்கும் மாணவர் இந்தச் சோதனையைத் தன் உடம்பிலேயே வருஷத்துக்கு மூன்று தடவை நடத்திக்கொள்கிறார். பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்கும், "அந்த மூணு நாள் மாத்திரை போடு மாப்ள, கேக்கும்" என்று சொல்கிறார். பொய் சொல்லவில்லை, அவர் கண்ட அனுபவம் அது. அதனால்தான் சுவரொட்டியின் வாசகத்தைவிட அது வலுவாகப் போய்ச் சேர்கிறது.

வலி மாத்திரை விஷயத்தில் மாயை எதுவும் இல்லை; அது நிஜமாகவே கேட்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தொல்லை தரும் ஒன்று நீங்கினால், அதை நீக்கிய செயலை மனம் மறுபடி மறுபடி செய்யும். இதை எதிர்மறை வலுவூட்டல் என்பார்கள், பி.எஃப். ஸ்கின்னரின் நடத்தையியலில் வரும் அடிப்படை விதி. காலையில் சாப்பிடாமல் ஓடிவந்து, பதினொரு மணிக்கு மண்டையிடி, மாத்திரை, அரை மணியில் நிம்மதி. இட்லி சாப்பிட்டிருந்தாலும் வராமல் போயிருக்கும். ஆனால் வராத வலிக்குப் பாராட்டு கிடையாது, போன வலிக்குத்தான் பாராட்டு. இப்படியே மாதத்தில் குறைந்தது 15 நாள் பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ, அல்லது குறைந்தது 10 நாள் கஃபீன் முதலானவை கலந்த கூட்டு மாத்திரையோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குகிறது. சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டில் இதற்குத் தனிப் பெயரே உண்டு: மருந்து மிகைத் தலைவலி. மாத்திரையின் வீரியம் இறங்கும்போது வலி வருகிறது. மாணவர் அதை நோய் என்று நினைத்து இன்னொன்று போடுகிறார். மருந்தை விட்டதால் வரும் தொல்லை பழைய நோயின் முகத்தை மாட்டிக்கொண்டு வருவதுதான் இந்தப் பொறியின் சூட்சுமம்.

கரிசல் காட்டில் இதற்கு இன்னொரு பரிமாணம் உண்டு. சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையை நெருங்கும். வியர்வையில் உடம்பு நீரை இழக்கும்போது சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறையும். அப்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள், இரத்தத்தை உள்ளே கொண்டுவரும் நுண்ணிய தமனியை விரித்துப் பிடித்துச் சிறுநீரகத்தைக் காக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வலியைக் குறைப்பது இந்தப் புரோஸ்டாகிளாண்டினை உண்டாக்கும் நொதியைத் தடுப்பதால்தான். தண்ணீர் தாராளமாக இருக்கும் உடம்பில் ஒரு மாத்திரை பெரிதாக ஒன்றும் செய்யாது. நீர் வற்றிய உடம்பில் அது காவலை எடுத்துவிடுகிறது. கழிப்பறை சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவிகள் எத்தனை பேர் என்று எந்த வகுப்பாசிரியையைக் கேட்டாலும் சொல்வார். வெயிலில் பஸ் ஏறி வந்து, தண்ணீர் குடிக்காமல், மாதவிலக்கு வலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவது மருத்துவ ரீதியில் கெட்ட சேர்க்கை. கல்லூரியின் கழிப்பறையைச் சுத்தமாக வைப்பதும் மருந்துப் பாதுகாப்புதான் என்று நான் உறுதியாகவே நம்புகிறேன். மழைக்காலத்தில் இதே மாத்திரைகளுக்கு வேறு ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால் இவை இரத்தக்கசிவைக் கூட்டும்; அப்போது பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை தொடக் கூடாது.

கூச்சம் இன்னொரு பெரிய சக்தி. டாக்டரிடம் போவதென்றால் வீட்டில் சொல்ல வேண்டும், யாராவது கூட வர வேண்டும், வரிசையில் தெரிந்த முகம் இருக்கும். மெடிக்கலில் இரண்டு நிமிஷம். ஊரில் கோயில் கொடை, வீட்டில் விசேஷம், அல்லது பரீட்சை என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட நாரெதிஸ்டெரோன் மாத்திரை வாங்குவது தமிழ்நாட்டில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த இரகசியம். அது ஹார்மோன். அதில் சிறு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. இரத்தம் உறையும் தன்மை உள்ளவர்களுக்கும் ஒருவகை ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆகாது. அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கேட்டால் பேச வேண்டிவரும். மாதவிலக்கு வலிக்குப் பரவலாக எடுக்கும் மெஃபெனாமிக் அமிலம் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும், கவனியுங்கள் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 இறுதியில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை போய்ச் சேர்ந்த விடுதி அறைகள் குறைவு.

முகத்துக்குப் பூசும் கிரீம் கதை இன்னும் வேதனை. கறுப்பு மண்ணில், கடும் வெயிலில் பிறந்த பிள்ளைகளுக்குத் தங்கள் நிறமே குறையாகத் தெரியும்படி செய்துவைத்திருக்கிறோம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். தோழி கேட்பாள், பெயர் சொல்லப்படும். சில மாதத்தில் தோல் மெலிந்து, முடி முளைத்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும். மறுபடி பூசினால் அடங்கும். மண்டையிடியில் பார்த்த அதே பொறி. இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டு சிதைத்த முகம்' என்ற பொருளில் பெயரிட்டுப் பல வருஷம் போராடிய பிறகு, 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகள் எச் அட்டவணைக்குள் வந்தன. படர்தாமரைக்கும் பையன்கள் இதே வகைக் கூட்டுக் களிம்பைத்தான் வாங்குகிறார்கள். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். வழக்கமான மருந்துக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சைக்கு 2020இல் நம் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒல்லியாக இருக்கிறோமே, உடம்பு ஏற வேண்டுமே என்று டெக்சாமெத்தசோன் விழுங்கும் பையன்களும் உண்டு. ஏறுவது பெரும்பாலும் நீரும் கொழுப்பும். உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு நின்றுபோவது வெளியே தெரியாது.

உடம்பு நோய்க்கென்று வாங்கினாலும் உண்மையில் ஆற்றப் பார்ப்பது மனத்தை என்றும் சில வேளை இருக்கிறது. ஹார்வர்டு மனநல மருத்துவர் எட்வர்டு கான்ட்சியன் 1985இல் எழுதிய கட்டுரையில், போதைப் பழக்கத்துக்கு ஆளானவர்களில் பலர் இன்பம் தேடியவர்கள் அல்ல, தாங்க முடியாத உள்வேதனைக்குத் தாங்களே மருந்து பார்த்துக்கொண்டவர்கள் என்றார். அந்தப் பார்வை கல்லூரி விடுதிக்கும் பொருந்தும். தூக்கம் வரவில்லை என்று அவில் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுப் படுக்கும் மாணவருக்கு அலர்ஜி எதுவும் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வேண்டியவர், இரண்டு அரியர், கேம்பஸ் இன்டர்வியூ நெருங்குகிறது. அந்த மாத்திரையின் தூக்கம் சில இரவுகளிலேயே பழகிப்போய் வேலை செய்யாது; அளவு கூடும், காலையில் மந்தம் கூடும், படித்தது நிற்காது, பயம் கூடும். "தூக்கம் வரல" என்று சொல்ல முடிகிறது. "பயமா இருக்கு" என்று சொல்ல நம் பையன்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அப்படிச் சொல்ல 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் டெலி மனஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் மாணவர், "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார். 1980இல் நீல் வெயின்ஸ்டீன் அமெரிக்காவில் 258 கல்லூரி மாணவர்களிடம், 42 வகை நல்லது கெட்டதுகளைச் சொல்லி, உன் வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டால் இவை உனக்கு நடக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டார். பொதுவாக நல்லது தமக்குக் கூடுதலாகவும், கெட்டது குறைவாகவும் நடக்கும் என்றார்கள். எல்லாரும் சராசரியைவிடப் பாதுகாப்பாக இருக்க முடியாது. ஆனாலும் பெரும்பாலோர் அப்படித்தான் நம்பினார்கள். பயங்கரப் படம் போட்டு மிரட்டினால் இது மாறுமா? கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, பயத்தை மட்டும் ஊட்டி, தப்பிக்கக் கைக்கெட்டும் வழி எதையும் காட்டாவிட்டால் மனம் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைத்தான் விரட்டும். "அதெல்லாம் சும்மா" என்று ஒதுக்கிவிடும்.

ஆகவே வழியைக் கைக்கெட்ட வைப்பதுதான் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடுதியில் ஒரு செவிலியர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், வகுப்பும் போகாது, தெரிந்த முகமும் வரிசையில் நிற்காது. மெடிக்கல் அண்ணாச்சியைப் பகையாளியாக்குவதிலும் அர்த்தமில்லை. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டேன் என்று திருப்பியனுப்பும் கடைக்காரர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள், வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று. செட்டு கேட்டு வருபவரிடம், எத்தனை நாளாகத் தொல்லை, இந்த மாதம் இது எத்தனாவது தடவை என்று இரண்டே கேள்வி கேட்கலாம். உறையின் மேல் மாத்திரையின் பெயரை எழுதித் தரலாம். ஒவ்வாமை வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும். சாதாரணக் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஒருவேளை பாராசிட்டமால் போட்டுக்கொள்வதை நான் தப்பென்று சொல்லவில்லை. அது பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, கூட்டு மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும் என்பது நினைவில் இருந்தால் போதும்.

மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்று. மாத்திரை போட்ட நாளில் விடுதிச் சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள், என்ன மாத்திரை என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தலைவலிக்கு வைத்த புள்ளிகள் மாதத்துக்குப் பத்தைத் தொட்டால் அந்தக் காலண்டர் தாளையே கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவர் கேட்கப் போகிற கேள்விகளில் பாதிக்கு விடை அதிலேயே இருக்கும்.